கோவையிலும் சென்னையிலும் இருந்து அமெரிக்க வீடு வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். போன மாதம் என் மேஜைக்கு ஒரு வீட்டுப் பிளான் வந்தது. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், நான்கு படுக்கையறை, முன்பக்கம் இரண்டு கார் நிற்கும் கராஜ். பிடிஎஃப் கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தபோது அதன் பழைய பெயர் அழியாமல் அப்படியே கிடந்தது: ‘புதுசு_ஃபைனல்_3’. எழுத்து ஆங்கிலம்தான், சொல் நம்முடையது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் உள்ள இந்தச் சின்ன ஊரில் அந்தச் சொல்லைப் படித்துச் சிரிக்கக்கூடிய ஆள் அநேகமாக நான் ஒருவன்தான்.

இங்கே நகர நிர்வாகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் பிளான் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு முன் கோவை பீளமேட்டில் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடம் ராத்திரி ஷிஃப்டில் அமெரிக்க வீடுகளுக்கு ட்ரஸ்ஸும் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம்) ஃப்ரேமிங்கும் (வீட்டின் மர எலும்புக்கூடு) வரைந்தவன். அதனால் உங்கள் நாற்காலி எனக்குத் தெரியும். திருத்த வேண்டிய இடங்களைச் சுற்றி அமெரிக்க வடிவமைப்பாளர் போட்டு அனுப்பும் சிவப்பு மேகக் குறிகள், ‘விடியறதுக்குள்ள வேணும்’ என்ற மெசேஜ், போன புராஜெக்ட்டின் தாளை நகலெடுத்து முகவரியை மட்டும் மாற்றுவது, எல்லாம் தெரியும். நானும் செய்திருக்கிறேன்.

பிளானில் உள்ள தப்புகளைச் சொல்லி நான் எழுதும் கமென்ட் கடிதம் உங்களிடம் முழுசாக வந்து சேர்வதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நான் பில்டருக்கு எழுதுகிறேன். அவர் டிசைனருக்குத் தள்ளிவிடுகிறார். டிசைனர் அதைச் சுருக்கி ‘பிரேசிங் சரிசெய், ஆர்602.10’ என்று ஒரு வரியாக்கி அனுப்புகிறார். பிரேசிங் என்றால் காற்றில் வீடு சாயாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு; ஆர்602.10 அதற்கான விதியின் எண். இங்கே மாலை ஐந்து மணிக்கு நான் அனுப்பியது அங்கே உங்களுக்கு அதிகாலை மூன்றரை மணி. ஏன் தப்பு, எவ்வளவு குறைவு என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நீங்கள் எங்காவது ஒரு பேனல் (பிரேசிங்காகக் கணக்கில் சேரும் சுவர்த் துண்டு) குறியைச் சேர்த்து, ஹேட்ச் போட்டு (கோடுகளால் நிரப்பி), திருப்பி அனுப்புகிறீர்கள். நான் மறுபடியும் அதே கமென்ட்டை எழுதுகிறேன். இதற்கு நடுவில் இருப்பவர்களைத் தாண்டி ஒருமுறை நேராகப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அடிப்படை. நம்ம ஊர் வீட்டில் தூண், பீம், தளம் மூன்றும் கான்கிரீட். நடுவில் செங்கல். பெரும்பாலும் ஒரு செங்கல் சுவரை இடித்து ஜன்னல் வைத்தால் வீட்டுக்காரர் கவலைப்படுவது தூசியைப் பற்றித்தான். அந்தப் பழக்கத்தில்தான் நம் கை வளர்ந்தது. இங்கே தூணும் இல்லை, செங்கலும் இல்லை. 16 அங்குலத்துக்கு ஒரு மரக் கட்டை நிற்கிறது, அதன்மேல் மரச் சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்த, அரை அங்குலத்துக்கும் குறைவான ஓ.எஸ்.பி. பலகை ஆணியடித்திருக்கிறது. மேலிருந்து வரும் எடையைக் கட்டைகள் தாங்கும். பக்கவாட்டில் காற்று தள்ளும்போது வீடு சாயாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பலகையும் ஆணியும்தான்.

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள் டிராயரை உருவிவிட்டு, வெளி உறையை மட்டும் மேஜையில் நிறுத்தி மேல்முனையை விரலால் தள்ளுங்கள். சத்தமே இல்லாமல் சரிந்து தட்டையாகும். டிராயரைத் திரும்பச் செருகினால் அதே விரலுக்கு அசையாது. எடை தாங்குவது வேறு, சாயாமல் நிற்பது வேறு. பந்தல் போடுகிறவருக்கு இது தெரியும். கால்களை ஊன்றியதும் குறுக்கே ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டிவிட்டுத்தான் மேலே கீற்று ஏற்றுவார். அந்தச் சாய்ந்த மூங்கிலின் வேலையைத்தான் அமெரிக்க வீட்டில் ஜன்னலோ கதவோ இல்லாத சுவர்த் துண்டுகள் செய்கின்றன. அந்தத் துண்டுகள் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்று சொல்வதுதான் ஐ.ஆர்.சி. என்கிற வீட்டுக் கட்டட விதிநூலின் ஆர்602.10.

அந்தப் பிரிவு சிக்கலானது என்பதை மறைக்க மாட்டேன். 2009 பதிப்பில் பெரிதாக மாற்றி எழுதினார்கள், 2012இல் மறுபடியும் வரிசை மாற்றி அடுக்கினார்கள். ஆனால் நீங்கள் தினமும் தடுக்கி விழும் இடங்கள் நான்கைந்துதான்.

என்னையே தடுக்கிவிட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வீடு. பின்பக்கச் சுவர் 27 அடி நீளம், 9 அடி உயரம். அதில் 9 அடி அகலத்தில் இரண்டு சறுக்குக் கண்ணாடிக் கதவுகள். மிச்சம் இருந்தது இரண்டு முனையிலும் நடுவிலுமாக மூன்று துண்டுச் சுவர், ஒவ்வொன்றும் 36 அங்குலம். வெளிச்சுவர் முழுக்கப் பலகை அடிக்கும் முறை, அதாவது சி.எஸ்.-டபிள்யூ.எஸ்.பி. அந்த முறையில் ஒரு துண்டு கணக்கில் சேர வேண்டுமானால் அதன் குறைந்தபட்ச நீளம் பக்கத்துத் திறப்பின் உயரத்தைப் பொறுத்தது. 80 அங்குல உயரக் கதவுக்குப் பக்கத்தில், 9 அடிச் சுவரில், 30 அங்குலம் போதும். 36 இருக்கிறது. மூன்று துண்டும் சேர்ந்து 9 அடி பிரேசிங். தேவைக்கு மேலேயே இருந்தது. அனுமதி கொடுத்தேன்.

பிறகு வீட்டுக்காரருக்கு உயரமான கதவு பிடித்துப்போனது. திருத்திய பிளான் வந்தது. தரைத்தள வரைபடத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. அதே அகலம், அதே இடம், அதே மூன்று துண்டு. மாறியது கதவு அட்டவணையில் ஒரே ஓர் எண்: 80 இருந்த இடத்தில் 96. பழைய தாளையும் புதிய தாளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, முத்திரை போட்டேன். ஆனால் 96 அங்குலத் திறப்புக்குப் பக்கத்தில், 9 அடிச் சுவரில், துண்டுச் சுவர் 41 அங்குலமாவது இருக்க வேண்டும். 36 அங்குலத்தைப் பாதி என்றோ முக்கால் என்றோ கணக்கில் எடுக்க முடியாது. பூஜ்யம். மூன்றும் பூஜ்யம். 9 அடி பிரேசிங் இருந்த சுவரில் ஓர் அங்குலம் கூட இல்லாமல் போய்விட்டது.

கண்டுபிடித்தது நான் இல்லை. ஃப்ரேமிங் பார்க்கப் போன இன்ஸ்பெக்டர் டேப்பை நீட்டியபடியே எனக்குப் போன் செய்தார். அதற்குள் அஸ்திவாரம் ஊற்றி, சுவர் எழுந்து, ட்ரஸ்ஸும் ஏறிவிட்டது. இன்ஜினீயர் ஒருவர் வந்து, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கத் தொழிற்சாலையில் செய்த இரும்பு ஷியர் பேனல்களை அந்தத் துண்டுகளில் வைக்கச் சொன்னார். இறுகிப்போன கான்கிரீட்டில் துளை போட்டு எபாக்ஸியில் போல்ட் இறக்கினார்கள். மூன்று வாரம் வேலை நின்றது. பில்டர் டிசைனரிடம் சண்டை போட்டார். டிசைனர் யாரிடம் சண்டை போட்டிருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு அட்டவணையில் அந்த எண்ணை மாற்றிய கை, எனக்கு இப்போதும் தோன்றுகிறது, அதற்கும் சுவருக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லித்தராத கை.

எனவே கதவு, ஜன்னல் அட்டவணையில் உயரத்தைத் தொட்டால் பிரேசிங் தாளையும் திறந்துவிடுங்கள். அகலத்தை மாற்றினால் மட்டும் பார்த்தால் போதாது.

அப்புறம் கராஜ். அமெரிக்க வீட்டில் இதைவிடப் பலவீனமான முகம் கிடையாது. 22 அடி முகப்பில் 16 அடிக் கதவு வைத்தால் பக்கத்துக்கு 3 அடி மிஞ்சும். 18 அடிக் கதவு கேட்டால் 2 அடி. மரச்சட்டத்தில் கதவுக்காக விடும் இடைவெளியையும் கழித்தால் அதுவும் முழுசாக இருக்காது. உங்களில் பலர் அங்கே சி.எஸ்.-ஜி, அதாவது கராஜ் கதவோரத்துக் குறுகிய சுவருக்கான முறை, என்று குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். அந்த முறைக்கு 8 அடிச் சுவரில் 24 அங்குலமும், 9 அடிச் சுவரில் 27 அங்குலமும் வேண்டும். தவிர, கராஜுக்கு மேல் கூரை மட்டும் இருந்தால்தான் அது செல்லும். மேலே படுக்கையறை இருந்தால் அதைத் தொடவே கூடாது.

சரி, போர்ட்டல் ஃப்ரேம் (குறுகிய சுவரையும் கதவின் மேல் உத்தரத்தையும் ஒன்றாகக் கட்டும் சட்டகம்) போடலாம் என்று சி.எஸ்.-பி.எஃப். எழுதுகிறீர்கள். 8 அடிச் சுவருக்கு 16 அங்குலம், 9 அடிக்கு 18 அங்குலம் போதும், நல்ல வழிதான். ஆனால் ‘புதுசு’ கோப்பில் விவரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹெடர், அதாவது திறப்பின் மேலே படுக்கும் உத்தரம், கதவு விளிம்போடு, அதைத் தாங்கும் டிரிம்மர் கட்டையின் மேல் நின்றுவிட்டது. சாதாரண ஜன்னல் ஹெடரை வரைவது போலவே. போர்ட்டல் ஃப்ரேமில் ஹெடர் பக்கத்துச் சுவர்த் துண்டைத் தாண்டி அதன் வெளி முனைவரை ஓட வேண்டும். பலகை அந்த ஹெடரின்மேல் ஏறி, 3 அங்குலக் கட்டம் கட்டமாக ஆணியடிக்கப்பட வேண்டும். அந்த ஆணிக் கூட்டம்தான் குறுகிய சுவரையும் நீண்ட ஹெடரையும் ஒரே துண்டாகப் பிடித்துக்கொள்கிறது. மேஜையின் காலும் பலகையும் சேரும் மூலை மாதிரி. ஹெடர் பாதியில் நின்றால் மூலை இல்லை, வெறும் குச்சி. 18 அங்குலக் குச்சி காற்றுக்கு என்ன செய்யும்?

இதெல்லாம் எங்கிருந்து வந்த பயம் என்று கேட்டால், அனுபவத்தில் வந்தது. 1994 ஜனவரி 17 விடியற்காலை கலிஃபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மூன்று மாடி மரக் குடியிருப்பில் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். கார் நிறுத்துவதற்காகக் கீழே திறந்துவிட்ட மரக் கட்டடங்கள் அன்று பல இடங்களில் சரிந்தன. எங்கள் ஊரில் நிலநடுக்கம் பெரிய பேச்சு இல்லை, காற்றுதான். 2013 மே 20 அன்று ஒக்லஹோமாவில் மூர் நகரை டொர்னாடோ கிழித்துப் போட்டது. அடுத்த வருடமே அந்த நகரம் விதிகளை மாற்றியது: மணிக்கு 135 மைல் காற்றுக்கு வடிவமைக்க வேண்டும், வெளிச்சுவர் முழுக்கப் பலகை, காற்று தாங்கும் கராஜ் கதவு. கராஜ் கதவு உள்ளே விழுந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். கதவைப் பற்றி நாங்கள் நச்சரிப்பதற்குக் காரணம் அதுதான்.

காற்று என்றதும் இன்னொன்று. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் ‘எக்ஸ்போஷர் பி’ என்றே இருக்கிறது. மனை காற்றுக்கு எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பதைச் சொல்லும் வகை அது. சுற்றிலும் வீடும் மரமும் அடர்ந்த இடம் பி. எங்கள் ஊரில் புதிய மனைகள் பிரிப்பதெல்லாம் மக்காச்சோள வயல்களின் ஓரத்தில். மேற்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தடுப்பு கிடையாது. அது சி. இரண்டு தள வீட்டுக்குத் தேவையான பிரேசிங் நீளத்தை அந்த ஒற்றை எழுத்து 1.30 ஆல் பெருக்குகிறது. 10 அடி போதும் என்று இருந்த இடத்தில் 13 அடி. சுவரின் உள்பக்கம் ஜிப்சம் போர்டு இல்லையென்றால் இன்னொரு 1.40. பல கராஜ்களில் வெளிச்சுவரின் உட்புறம் வெறும் கட்டையாகத்தான் நிற்கும், அதனால் இது அடிக்கடி வரும். இரண்டையும் சேர்த்தால் 1.82. போன புராஜெக்ட்டின் எண்ணை அப்படியே ஒட்டினால் கிட்டத்தட்டப் பாதிச் சுவர் காணாமல் போகிறது. மனையின் முகவரி உங்களிடம் இருக்கிறது. வரைவதற்கு முன் செயற்கைக்கோள் படத்தில் ஒரு நிமிடம் அந்த இடத்தைப் பாருங்கள். வயல் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் ஒரே நீளத்தை எழுதுவதையும் பார்க்கிறேன். கீழ்ச்சுவர் தன் பங்கோடு மேலே இருப்பதன் தள்ளலையும் சேர்த்து வாங்குகிறது. அதனால் கீழே பிரேசிங் நீளம் அதிகமாக வேண்டும். ஆனால் பெரிய ஹால், சமையலறை, கண்ணாடிக் கதவு, கராஜ் எல்லாம் கீழேதான் வருகின்றன, மேலே சின்னச் சின்னப் படுக்கையறைகள். எங்கே சுவர் அதிகம் வேண்டுமோ அங்கேதான் குறைவாக இருக்கிறது. அமெரிக்க வீட்டு ரசனையே அப்படி. உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ட்ரஸ் வரைபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கூரை ஓரத்தில் இன்சுலேஷன் நசுங்காமல் இருக்க ஹீல் உயரத்தை, அதாவது சுவரின்மேல் உட்காரும் இடத்தில் ட்ரஸ்ஸின் உயரத்தை, கூட்டச் சொல்வார்கள். 9¼ அங்குலத்தைத் தாண்டினால் பிரேசிங் பேனலுக்கு மேலே ட்ரஸ்களின் நடுவில் பிளாக்கிங் (இடைவெளியை அடைக்கும் கட்டை) வேண்டும். 15¼ஐயும் தாண்டினால் அந்தச் சாதாரண பிளாக்கிங்கும் போதாது. ட்ரஸ் வரைபவர் ஒரு மேஜை, சுவர் வரைபவர் இன்னொரு மேஜை, பல சமயம் வேறு வேறு அலுவலகம். கூரையின் தள்ளல் சுவருக்கு இறங்கி வரும் வழி அந்த இரண்டு மேஜைகளுக்கு நடுவில் அறுந்து கிடக்கிறது. கீழேயும் அப்படித்தான், சுவரின் அடிக்கட்டையை அஸ்திவாரத்தோடு பிடிக்க: அரை அங்குல ஆங்கர் போல்ட், 6 அடிக்கு மிகாத இடைவெளி, கான்கிரீட்டுக்குள் 7 அங்குலம், அடிக்கட்டையின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று. இதை ஒழுங்காகத்தான் வரைகிறீர்கள், சந்தோஷம்.

எப்படி வரைந்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிரேஸ்டு வால் லைனையும் (பேனல்கள் வரிசையாக நிற்கும் சுவர்க் கோடு) பிளானில் முனைக்கு முனை கோடாகப் போட்டு, அதன் பக்கத்திலேயே ‘தேவை இவ்வளவு, இருப்பது இவ்வளவு’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு பேனலுக்கும் நீளத்தைக் கொடுங்கள், பக்கத்துத் திறப்பின் உயரத்தையும் அங்கேயே போடுங்கள். முனையிலிருந்து 10 அடிக்குள் முதல் பேனல், பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் 20 அடிக்கு மேல் இடைவெளி இல்லை, சுவர் உள்ளே வெளியே போனால் கோட்டிலிருந்து 4 அடிக்குள்; இந்த மூன்றையும் பரிமாணக் கோட்டாலேயே காட்டிவிடலாம். வேறொரு தாளில் தனியாக அட்டவணை போட்டு என்னைத் தேடவிட வேண்டாம். தேடிக் களைத்தால் நானும் மனுஷன்தான், மேலே சொன்ன கதை மறுபடி நடக்கும். ஏ.பி.ஏ. என்ற மரப்பலகைச் சங்கம் இணையத்தில் பிரேசிங் கால்குலேட்டர் கொடுக்கிறது. எண்ணைச் சரிபார்க்க அது உதவும். ஆனால் எக்ஸ்போஷர் பியா சியா என்று அது உங்களைத்தான் கேட்கும்.

எந்தப் பதிப்பு என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஐ.ஆர்.சி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வருகிறது, ஆனால் ஊருக்கு ஊர் எதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது வேறு. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் வேறொன்று என்றுகூட இருக்கும்.

அலுவலகம் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரேசிங் தாளுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறீர்கள்? நான் வரைந்த காலத்தில் அரை மணி நேரம், அதுவும் கடைசித் தாளாக. வீடு முழுக்க வரைந்து முடித்து, ஜன்னல் எல்லாம் வைத்த பிறகு மிச்சம் இருக்கும் சுவரில் பேனலைத் தேடுவது, சாப்பாடெல்லாம் பரிமாறிய பிறகு உப்பு போட்டோமா என்று யோசிப்பது போல. ஜன்னல் வைக்கும்போதே ஒரு கண் அதில் இருந்தால் பாதிக் கமென்ட் குறையும். வாடிக்கையாளரிடம் இருந்து எங்கள் கடிதத்தை முழுசாகக் கேட்டு வாங்கி, வரைந்த பையனிடமோ பெண்ணிடமோ கொடுங்கள். அனுமதிக் கடிதம் ரகசிய ஆவணம் கிடையாது. விதிநூலின் வரம்புக்குள் ஒரு சுவர் அடங்கவில்லை என்றால், ‘இந்தப் பகுதிக்கு இன்ஜினீயர் வேண்டும்’ என்று எழுதி அனுப்பும் துணிச்சலையும் அவர்களுக்குக் கொடுங்கள். அப்படி எழுதி வந்த பிளானை நான் இதுவரை மரியாதைக் குறைவாகப் பார்த்ததில்லை. எப்படியாவது ஹேட்ச் போட்டு மூடி வந்தவற்றைத்தான் இரண்டாம் முறை பூதக்கண்ணாடியோடு பார்க்கிறேன்.

எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். பிரேசிங் தாள் என்று ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு டிக் போடும் ரிவ்யூவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தப்பி வந்த தாளைத்தான் நீங்கள் ‘பாஸான தாள்’ என்று வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கும் நகலெடுக்கிறீர்கள். பாஸானது தாள்தான்.

அன்புடன்,
முன்னாள் பீளமேட்டு டிராஃப்ட்ஸ்மேன், இந்நாள் பிளான் ரிவ்யூவர்

பி.கு. ‘புதுசு_ஃபைனல்_3’ வரைந்தவருக்கு: கராஜ் ஹெடர் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு கமென்ட் பாக்கி. படிக்கட்டு ஓரத்து வெளிச்சுவரில், தெற்கு முனையிலிருந்து முதல் பேனல் 11 அடி 4 அங்குலத்தில் தொடங்குகிறது. 10 அடிக்குள் வர வேண்டும். முனையில் இருக்கும் துண்டு 22 அங்குலம், அதனால் கணக்கில் சேரவில்லை. பக்கத்து ஜன்னல் 5 அடி உயரம், சுவர் 9 அடி. ஜன்னலை 6 அங்குலம் வடக்கே தள்ளினால் முனைத் துண்டு 28 அங்குலம் ஆகிவிடும். 27 போதும். ‘புதுசு_ஃபைனல்_4’ என்றே அனுப்புங்கள், தேடி எடுத்துக்கொள்கிறேன்.